கண்ணாடியில் ஒரு கோடு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில், தோலின் மயிர் கழிக்கும் சுண்ணாம்புக்கு ஒரு பாய்தான் கல் வாங்குவார். மருதாணி பூசிய தாடி. மூக்கு நுனியில் கண்ணாடி. நாட்றம்பள்ளியிலிருந்து ஒரு வண்டி நிறைய வெள்ளைக் கல் கொண்டுபோயிருந்தேன். ஒன்றை எடுத்தவர், தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேலேயே அழுத்தித் தேய்த்தார். கீறல் விழுந்தது.

"சுண்ணாம்புக் கல்லு கண்ணாடியக் கீறாதுப்பா. இது வெங்கச்சாங்கல்லு. எத்தினி நாள் சூளையில போட்டாலும் வேவாது. திருப்பிக்கினு போ."

"உங்க கண்ணாடி போச்சே, பாய்."

"நல்ல கல்லு கொண்டாந்தா கீறல் வுழாது. நீங்கதான் வுடமாட்றீங்களே."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். எனக்கு முன்பு திரும்பிப்போன வண்டிகளெல்லாம் அதில் கோடு கோடாக இருந்தன. என் வெட்கம் பாதி குறைந்தது. அந்தக் கண்ணாடி வழியாக அவர் எதையாவது பார்த்தாரா என்று இன்றும் தெரியவில்லை. என்னை அதற்கு மேலாகத்தான் பார்த்துச் சிரித்தார்.