குறுக்கே வைத்த தழை

சிங்கப்பூரில் என் வேலை இலை கூட்டுவது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் பத்து மணி வரை அதுதான். ஐந்து புளோக், அதாவது ஐந்து அடுக்குமாடிக் கட்டடம். அவற்றுக்கு நடுவே போகிற நடைபாதை, பஸ் ஸ்டாப் வரை. இங்கே மரத்தில் இருக்கிறவரைதான் அது இலை. கீழே விழுந்துவிட்டால் குப்பை. மூன்றாவது புளோக்கில் ஒரு சீன அம்மா இருக்கிறார். ஒரு இலை கிடந்தாலும் போனில் படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பிவிடுவார். படத்தின் ஓரத்தில் அவருடைய செருப்பு நுனியும் தெரியும். சூப்பர்வைசர் அந்தப் படத்தை எனக்கு அனுப்புவார். ஒன்றும் எழுத மாட்டார். நான் போய் அந்த ஒரு இலையை எடுப்பேன். வந்த புதிதில் இதை என் மனைவி பழனியம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒரு எலைக்கா?" என்று கேட்டாள். "ஒரு எலைக்குத்தான்" என்றேன். ஊரில் மழை பெய்ததா என்று நான் கேட்டேன்.

எங்கள் ஊர் கொல்லிமலை. செம்மேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். குச்சிக்கிழங்கும் மிளகும் போடுகிறோம். மலையில் நடக்கிறவர்களிடம் தழை வைக்கிற பழக்கம் உண்டு. கூட்டமாகப் போகும்போது ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க மாட்டார்கள். பாதை பிரிகிற இடத்தில் ஒரு கொத்துத் தழையை ஒடித்து, தாங்கள் போகாத பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார்கள். இலையின் அடிப்பக்கம் மேலே தெரியும்படி போடுவார்கள். வெளுப்பாக இருப்பதால் தூரத்திலேயே தெரியும். கையால் ஒடித்த தழையில் காம்போடு பட்டை உரிந்து நார் தொங்கும். தானாக விழுந்ததில் அது இருக்காது. தழை கிடந்தால் அந்தப் பக்கம் போகக் கூடாது. இன்னொன்றும் உண்டு. கடைசியில் வருகிறவன் அந்தத் தழையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் வேறு வேலையாக வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது, புளியஞ்சோலைக்கு இறங்குகிற பாதையில் ஒரு நாள் நான் கடைசியாக வந்தேன். எடுக்க மறந்துவிட்டேன். பின்னால் வந்த ஒரு குடும்பம் அந்தத் தழையைப் பார்த்து வேறு பக்கம் திரும்பி, கைக்குழந்தையோடு வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. மறுநாள் நானே அவர்கள் காட்டுக்குப் போய் பொழுது சாயும்வரை கிழங்கு பிடுங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மறந்ததில்லை.

இங்கே வந்து எட்டு வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க ஒரு படிவம் தருவார்கள். அதில் இரண்டு கட்டம். ஒன்று, இன்னும் இரண்டு வருடம் இருக்கிறேன் என்பது. மற்றது, ஊருக்குப் போகிறேன் என்பது. மூன்று முறை யோசிக்காமல் முதல் கட்டத்தில் கோடு போட்டேன். நான்காவது படிவம் கைக்கு வந்த அதே வாரம் பழனியம்மாவும் மகள் கௌசல்யாவும் ஐந்து நாள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் ஊரை விட்டுக் கிளம்பியபோது கௌசல்யாவுக்கு ஐந்து வயது. இப்போது பதின்மூன்று. நடுவில் லீவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இங்கே ஏர்போர்ட்டில் அவர்கள் வெளியே வந்ததும் அவள் என்னைப் பார்த்து, "வாங்கப்பா" என்றாள். வந்தது அவள். ஆனால் இத்தனை வருடம் வருகிறவன் நான்தான் என்பதால் அவளுக்கு வாயில் அதுதான் வந்தது. "வந்துட்டேன் கண்ணு" என்றேன்.

நான் கூட்டுகிற புளோக் ஒன்றில் ஒரு தமிழ் அம்மா இருக்கிறார். அவர் தன் வீட்டில் இருவருக்கும் ஒரு அறை கொடுத்தார். நான் எங்கள் தங்கும் விடுதியிலேயே இருந்தேன். வந்த அன்றே பழனியம்மாவிடம் படிவத்தைக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை கொடுக்க வேண்டும் என்றேன். வாங்கிப் பார்த்தாள். இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டாள். "உங்களுக்குத் தெரியாததுங்களா" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். எட்டு வருடத்தில் ஒரு நாளும் வந்துவிடுங்கள் என்று அவள் சொன்னதில்லை. இருங்கள் என்றும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனேன். எல்லாரும் பார்க்கிற இடங்கள்தான். முதலில் கடலோரத் தோட்டத்தில் இருக்கிற இரும்பு மரங்கள். பத்து ஆள் உயரம் என்று சொன்னால் குறைவு. அதன்மேல் கொடிகளை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். பழனியம்மா கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்ன மரமுங்க?"

"இரும்பு."

"கொடி நல்லாப் புடிச்சிருக்குது. மொளகு ஏத்தியிருக்கலாம். இந்த ஒண்ணுல காய்க்கறதே சோளக்காட்டுச் சந்தைக்குப் பத்தும்."

"பறிக்கறதுக்கு யாரும்மா ஏறுவாங்க?" என்றாள் கௌசல்யா.

"உங்கப்பன் ஏறுவாரு. இங்க சும்மாதான இருக்காரு."

காலையில் மழை பெய்திருந்தது. புல்லில் ஒரு மரக்கிளை ஒடிந்து கிடந்தது. பழனியம்மா அதை எடுத்து மகளுக்கு விசிறிக்கொண்டே வந்தாள். இங்கே செடியில் கை வைத்தால் தப்பு என்று சொன்னேன். "உளுந்ததுதானுங்க" என்றாள். குப்பைத் தொட்டியைக் காட்டினேன். கேட்காதவள் மாதிரி நடந்தாள்.

அங்கிருந்து சிங்கத் தலையும் மீன் உடம்புமாக நிற்கிற சிலைக்குப் போனோம். எதிர்க்கரையில் மூன்று கட்டடத்தின் தலைமேல் ஒரு கப்பலைத் தூக்கி வைத்தமாதிரி ஓட்டல் தெரிந்தது. சிலை வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. எங்கே திரும்பினாலும் வாயைத் திறந்து அந்தத் தண்ணீரைக் குடிப்பதுபோலப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எதுக்குங்க துப்புது?" என்று பழனியம்மா கேட்டாள். எனக்கும் தெரியாது. கௌசல்யா என்னைப் பார்த்தாள். "அப்பா, நீங்க முன்னாடி இங்க வந்திருக்கீங்கல்ல? போட்டோ அனுப்புனீங்களே." அந்தப் படம் விடுதியில் என் அறையில் இருக்கிற இன்னொருவர் எடுத்தது. அந்தச் சிலையை நானும் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். விடுதி, லாரி, புளோக், லாரி, விடுதி. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டுப் படுத்தால் சாயங்காலம் ஆகிவிடும். இங்கே இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது தெரியும். "ம்" என்றேன்.

ரயிலுக்குத் திரும்பும்போதுதான் குடை ஞாபகம் வந்தது. அறை கொடுத்த அம்மாவின் குடை. சிலைக்குப் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டேன். நாங்கள் சுரங்கப்பாதையின் படிக்கட்டு வாசலில் நின்றோம். "நீங்க ரெண்டு பேரும் கீழ எறங்கி நேராப் போயிட்டே இருங்க. ரயில் ஸ்டேசன் வரும். வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினேன். குடை அங்கேயே இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து படி இறங்கினேன். இறங்கிய பிறகுதான் பார்த்தேன். கீழே நேராகப் போகிற பாதை என்று ஒன்று இல்லை. நூறடி தாண்டினால் மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் கடைகள், மூன்றிலும் கூட்டம். என்னிடம் இருந்த போன் மட்டும்தான் இந்த ஊரில் வேலை செய்யும். கௌசல்யாவிடம் இருந்ததில் படம் எடுக்கலாம், அவ்வளவுதான். பழனியம்மாவுக்குத் தமிழ் தவிர வேறு தெரியாது.

மேலே போர்டு தொங்கியது. அதைப் படிக்கத் தோன்றவில்லை. தரையைப் பார்த்தேன். கண் தானாகப் போனது. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. ஒன்றுமில்லை. பழனியம்மா தழை வைக்காமல் போகிறவள் இல்லை. அதனால்தான் பயம் வந்தது. முதல் பாதையில் ஓடினேன், காணோம், திரும்பி வந்தேன். இரண்டாவதிலும் ஓடினேன். மூச்சு வாங்கியது. மறுபடி பிரிகிற இடத்துக்கு வந்து நின்றபோது சுவரோரம் ஒரு சிற்றிலை கிடந்தது. அவள் விசிறிக்கொண்டு வந்த கிளையின் இலை. இலை இருக்கிறது, தழை இல்லை. யார் எடுத்தார்கள் என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. அது என் வேலை.

மூன்றாவது பாதை ஓரத்தில் ஒரு சீனப் பெரியவர் விளக்குமாறும் நீளக் கைப்பிடி முறமுமாகப் போய்க்கொண்டிருந்தார். ஓடிப் போய் முறத்தைப் பார்த்தேன். மூன்று கொத்துத் தழை. மூன்றிலும் நார் தொங்கியது.

"அங்கிள், திஸ் லீஃப், வேர்?" என்றேன்.

அவர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். ஊர் சுற்றுவதற்காகப் போட்ட புதுச் சட்டை. என்னை ஆபீஸ் ஆள் என்று நினைத்துவிட்டார். "கிளியர் ஆல்ரெடி" என்றார். தரையைக் காட்டினார். "யூ சீ. நோ லீஃப்."

"நோ, நோ. குட். வேர் யூ டேக்?"

"ஐ டேக், ஐ டேக்! சம்படி த்ரோ, ஐ டேக்!" அவருக்குக் கோபம் வந்தது. முறத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

எனக்கு வேறு இங்கிலீஷ் வரவில்லை. கையை விரித்து நீட்டினேன். விளக்குமாறு பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலுக்குக் கீழே காய்த்துப்போயிருக்கும். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பிக் காட்டினார். அதே இடத்தில் அதே காய்ப்பு. முகம் மாறியது. "யூ ஸ்வீப்பர் ஆ?" என்றார். தலையாட்டினேன். என் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு நடந்தார். மூன்றாகப் பிரிகிற இடத்தில் முதல் பாதையின் வாயைக் காட்டினார், ஒரு கொத்து இங்கே. இரண்டாவதின் வாயைக் காட்டினார், இன்னொன்று இங்கே. அப்படியென்றால் மூன்றாவது பாதை. அதில் போனோம். அது மறுபடி இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கத்தைக் காட்டினார். நான் வலது பக்கம் ஓடினேன். எதற்கு என்று தெரியாமலே அவரும் பின்னால் வந்தார்.

ரயில் ஸ்டேசன் வாசலில், தூணுக்குப் பக்கத்தில், இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பழனியம்மா மடியில் அந்தக் கிளை மொட்டைக் குச்சியாக இருந்தது.

"புள்ள போர்டப் பாத்துக் கூட்டியாந்துட்டா. இதுக்கு மேல தழை இல்லீங்க. அதான் உக்காந்துட்டோம்" என்றாள். அவள் முகத்தில் பயமே இல்லை. "ஏனுங்க இப்பிடி வேர்த்திருக்குது? வெச்சுட்டுத்தான வந்தேன். பாக்கலீங்களா?"

"கூட்டிட்டாங்க."

"யாரு?"

"என்னையாட்டம் ஒருத்தரு." பின்னால் நின்ற பெரியவரைக் காட்டினேன்.

அவள் அவரைப் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள். "அப்ப நீங்களும் தெனமும் எத்தனை பேரு வழியக் கூட்டித் தள்ளீருக்கீங்களோ" என்றாள். கௌசல்யா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பெரியவர் அந்த மொட்டைக் குச்சியைப் பார்த்து முறத்தை நீட்டினார். "ரப்பிஷ்?" என்றார். குச்சியைப் போடு என்பதற்காக நீட்டினார். பழனியம்மா தன் தழையைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று நினைத்தாள். எழுந்து நின்று மூன்று கொத்தையும் எடுத்துக்கொண்டு, "நல்லதுங்க சாமி" என்று கும்பிட்டாள். அவரும் தலையைக் குனிந்தார். இருவருக்கும் திருப்திதான்.

மறுநாள் மதியம் அவர்களுக்குத் திருச்சி விமானம். லீவு போட்டிருந்தேன். ரயிலை விட்டு இறங்கி ஏர்போர்ட் கூடத்துக்கு ஏறிப் போகிற இடத்தில் பழனியம்மா கடைசியாக வந்தாள். குனிந்தாள். செருப்பு வாரைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே விடுகிற வரிசை வந்ததும் கௌசல்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாரோம்பா" என்றாள். பழனியம்மா, "நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள். படிவத்தைப் பற்றி அப்போதும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலை மறைகிறவரை நின்றேன்.

திரும்பி வரும்போது அவள் குனிந்த இடத்தில், ரயிலுக்கு இறங்குகிற பாதைக்குக் குறுக்கே, ஒரு கொத்துத் தழை கிடந்தது. முந்தின நாள் தழை. வாடியிருந்தது. வெளுப்புப் பக்கம் மேலே.

அந்தப் பாதை நான் வேலைக்குத் திரும்புகிற பாதை. எதிரே ஒரு ஆள் தரை துடைக்கிற வண்டியில் உட்கார்ந்து மெதுவாக வந்துகொண்டிருந்தார். வண்டி மேல் விளக்கு சுற்றியது. பத்தடி தூரத்துக்கு வந்துவிட்டார். நான் குனிந்து தழையை எடுத்தேன். கடைசியில் வருகிறவன்தான் எடுக்க வேண்டும். படிவம் இருந்த சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன். பிறகு அது மறித்திருந்த பாதையிலேயே ரயிலுக்கு இறங்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலை.

செவ்வாய்க்கிழமை இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தேன். சூப்பர்வைசர் மலேசியத் தமிழர். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னா, வேற கம்பெனி பாத்துட்டியா?"

"இல்லீங்க. ஊருக்குங்க."

"அங்க போயி என்னா செய்வே?"

"மொளகு இருக்குதுங்க."

அவர் படிவத்தை எடுத்து டிராயரில் வைத்தார். பெர்மிட் முடிய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை இந்த ஐந்து புளோக்கும் என்னுடையவைதான். எந்த மரம் எந்த மாதம் கொட்டும் என்று எனக்குத் தெரியும். அடுத்து வருகிறவருக்கு அதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது புளோக்குக்குப் பக்கத்தில் நடைபாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பஸ் ஸ்டாப்புக்கு, ஒன்று மார்க்கெட்டுக்கு. எட்டு வருடமாக அங்கே நிற்காமல் கூட்டிக்கொண்டு போனவன். இப்போது பச்சைத் தழை கிடந்தால் குனிந்து காம்பைப் பார்க்கிறேன். நார் தொங்குகிறதா என்று. அதனால் வேலை கொஞ்சம் தாமதமாகிறது. சீன அம்மாவின் படங்கள் அதிகம் வருகின்றன. இதுவரை எல்லாம் தானாக விழுந்தவைதான். பார்த்துவிட்டுத்தான் கூட்டுகிறேன்.