இருபதுக்குக் கீழே

நான் வேலை செய்யும் அமெரிக்க ஊரில் டாக்டர் அறைக்குள் தனியாகத்தான் போகிறேன். கதவு மூடிக்கொள்ளும். டாக்டர் பேசுவார், நான் தலையாட்டுவேன். புரிந்தாலும் ஆட்டுவேன், புரியாவிட்டாலும் ஆட்டுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கூச்சக்காரனுக்கு அதுதான் அங்கே வசதி. என் சொந்த ஊரான சேலையூரில் அப்படியில்லை. போன விடுமுறையில் கேம்ப் ரோட்டில் ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, என் மனைவி மல்லிகாவும் அவள் தம்பி சேகரும் யாரையும் கேட்காமல் என்னோடு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நோய் எனக்கு, கேள்வி அவர்களுக்கு.

என் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. நான் தோசை சுடும் உணவகத்தில் பாத்திரம் கழுவும் ஜெரோமுக்கும் அதே நோய்தான். அவர் அந்த நாட்டுக் கறுப்பினத்தவர். இருவருக்கும் ஒரே கிளினிக். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு ஓர் எண் சொல்வார்கள். அது இருபதுக்குக் கீழே இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் ஏறும். எனக்கு இருபத்திரண்டு, ஜெரோமுக்கு இருபத்தொன்று. மல்லிகாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவளுடையதை வாங்க முடியாது. வரிசையில் சேர்வதற்குள் டயாலிசிஸ் வந்துவிட்டால், நாள் முழுக்க அடுப்பின் முன் நிற்கும் என் பிழைப்பு போய்விடும். அதனால் கீழே இறங்கட்டும் என்று நான் காத்திருந்தேன். மல்லிகாவோ எண் ஏற வேண்டும் என்று குன்றத்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அதை நான் திருத்தவில்லை.

டாக்டரம்மா எங்கள் ஊர் ரத்தப் பரிசோதனைத் தாளையும் நான் கொண்டுவந்த அமெரிக்கத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

“ரத்தத்துல உப்பு ரெண்டுலயும் ஒண்ணுதான். ஆனா எனக்குப் பதினெட்டு வருதே” என்றார்.

சேகர் விடவில்லை. “இன்னா டாக்டர், ரத்தத்துல கீற உப்பு ரெண்டு தாள்லயும் ஒண்ணுதான்னு நீங்கதான சொன்னீங்க? அப்புறம் அங்க மட்டும் ஏன் எகிறிக்கினு போவுது?”

அவர் அமெரிக்கத் தாளை மறுபடி படித்தார். “இவரைக் கறுப்பினத்தவர்னு போட்டிருக்காங்க. அவங்களுக்கு உடம்புல சதை அதிகம், அதனாலயே உப்பும் அதிகம் வரும்னு ஒரு ஃபார்முலா. அதனால ஆன்சரைக் கொஞ்சம் ஏத்திப் போடுவாங்க.”

“இவருக்கா சதை? ஹேங்கர்ல சட்ட மாட்டின மாரி கீறாரு.”

எனக்கு அந்தக் கிளினிக்கின் முதல் நாள் ஞாபகம் வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள், ஏதோ கேட்டாள், நான் தலையாட்டினேன். அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அப்போது அதைப் பற்றிக் கோபப்பட எனக்கு நேரமில்லை. பதினெட்டு. நான் சிரித்துக்கொண்டே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். “பதினெட்டா, மேடம்? நல்லாப் பாத்தீங்களா?” என்று கேட்ட குரல் என்னுடையதுதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. மல்லிகா அழ ஆரம்பித்தாள்.

“கிட்னி கொறஞ்சதுக்குப் போய் சிரிக்கிறியேய்யா” என்றாள். வெளியே வந்து வரிசையைப் பற்றி விளக்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏறணும்னுல்ல முருகன்கிட்ட வேண்டிக்கினேன்? எறங்கினதுக்கு இன்னான்னு போய் நிக்கறது?” என்றாள்.

“முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன்க்கா, நீ வா” என்றான் சேகர். அன்றே தாம்பரத்தில் பஸ் பிடித்துக் குன்றத்தூர் மலையேறினோம். மூச்சு வாங்கியது. அந்த வாங்கலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அமெரிக்கா திரும்பியதும், டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைக் கிளினிக்கில் காட்டினேன். அமெரிக்க டாக்டர் மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டரில் என் இனத்தை மாற்றினார். பதினெட்டு வந்தது. வரிசைக்கு என் பெயரை அனுப்பிவிட்டார். சமையலறையில் இதைச் சொன்னதும் ஜெரோம் ஈரக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் அவருடைய விலா எலும்புகள் என்மேல் பட்டன. என்னைவிட ஒல்லி அவர். அவர் பெயருக்கு எதிரே இருப்பது தவறாக அழுத்திய பொத்தான் இல்லை, அதனால் அதை யாரும் மாற்றப்போவதில்லை.

“உன் கணக்கிலும் ஏற்றித்தான் போட்டிருப்பார்கள். ஏன் என்று கேட்டாயா?” என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

“அறைக்குள் போனால் நானும் தலையாட்டிவிட்டு வருகிறவன்தான்” என்றார்.

அடுத்த முறை அவர் டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். மனசுக்குள் கேள்வியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இவர் சதையைத் தொட்டுப் பார்த்தீர்களா, ஏற்றாமல் போட்டால் எவ்வளவு வரும், அதை வைத்து வரிசையில் சேர்த்தால் என்ன? ஜெரோமின் பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். நர்ஸ் வாசலில் மறித்து, நீங்கள் இவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

“மச்சான்” என்றேன்.

அவளுக்கு அது புரிந்திருக்காது. எங்கள் இருவர் முகத்தையும், அந்தக் கவுன்ட்டர் பெண் பார்த்தது போலவே, ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டாள்.