நனையாத நங்கூரத்தின் முதலாளியம்மா

மணி ஐந்தானதும் மேவிஸ் டாட்ஸ் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொள்கிறார். கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கைவரை மடித்துவிடுகிறார். மேசையை ஒருதரம் ஈரத்துணியால் துடைக்கிறார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் தட்டுகிறார்: “கதவு திறந்தாச்சு. காலைத் துடைச்சுட்டு வாங்க, கண்ணுங்களா.” அவரை யாரும் பார்க்கப்போவதில்லை. வீட்டில் இருப்பது அவரும் ஒரு கிழட்டுப் பூனையும்தான். கேட்டால், “பாருக்குப் பின்னாடி நிக்கறவ பரட்டைத் தலையோடவா நிப்பா?” என்கிறார்.

இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கப்பல் கட்டிய யார்டுகளெல்லாம் மூடிப் பல வருடம் கழித்து, பழைய ஆட்கள் தங்கள் புகைப்படங்களைப் போட்டுவைக்க ஓர் இணையதளம் தொடங்கினார்கள். படம் போட வந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு சண்டையில் போய் நின்றது. “சண்டை போடறதுன்னா அதுக்குன்னு ஒரு இடத்துல போடுங்க” என்று மேவிஸ் அதில் ஒரு மூலையைப் பிடித்து பப் திறந்தார். ‘நனையாத நங்கூரம்’ என்று பெயர். சுவர், கணப்பு, ஆட்டம் காணும் மூன்றாவது ஸ்டூல் எல்லாம் நாங்கள் எழுதி எழுதி உண்டாக்கியவை. கணப்பில் நெருப்பு எரிவதற்குக் காரணம், யாராவது ஒருவர் தினமும் “கரி போட்டாச்சு” என்று எழுதுவதுதான்.

இதில் பெரிய வேடிக்கை, முதலாளியம்மாவின் நாக்கில் இன்றுவரை ஒரு சொட்டு பீர் பட்டதில்லை. மதுவைத் தொடவே கூடாது என்கிற மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பம். அவர் குடிப்பது டீ, அதுவும் கரண்டி நிற்கிற மாதிரி கெட்டியாக. ஆனால் அவர் “கிளாஸைச் சாய்ச்சுப் பிடிக்கிறேன், மெதுவா ஊத்துறேன், நுரை அடங்கட்டும், பொறு” என்று எழுதினால் எங்களுக்கு நிஜமாகவே தொண்டை வறளும். யார்டில் அவருக்கு வரைபடப் பிரிவில் வேலை. பென்சிலில் வரைந்த கப்பல் படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, மசியால் அப்படியே நகல் எடுக்க வேண்டும். “ஒரு கோடு பிசகிச்சுன்னா கப்பலே கோணிக்கும்” என்பார். அந்தக் கை நடுங்காத புத்தி இன்னும் போகவில்லை.

வழக்கமாக வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஆளுக்கொரு யார்டில் இருந்தவர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. எல்லாருக்கும் பட்டப்பெயர்தான். யார்டில் யாரும் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை, இங்கேயும் அப்படியே. ரிவெட், பழைய பூட்ஸ், அப்புறம் ஈரச் சாக்ஸ். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தண்ணீரில் விழுந்து, ஈரக் காலோடு ஷிப்டை முடித்தவர் என்பதால் அந்தப் பெயர். நான் மிளகாய். தூத்துக்குடியிலிருந்து வந்து யார்டில் ஒன்பது வருடம் வெல்டராக இருந்தேன், அது மூடியபிறகு பஸ் ஓட்டினேன். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதற்குக் கம்பெனி கொடுத்த பதக்கத்தைப் பற்றி பப்பில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன்.

“இன்னிக்கு பீர்ல நுரை ஜாஸ்தி” என்பார் ரிவெட்.

“உன் வாயில தள்றதைவிடக் கம்மிதான். குடி” என்பார் மேவிஸ்.

“முதலாளியம்மா, இந்தப் பழைய பூட்ஸ் டார்ட்ஸ்ல முழுசா நூத்தெண்பது எடுத்தேன்னு எழுதறான். கை நடுக்கத்துல டீயைக்கூட நேரா குடிக்க மாட்டான்.”

“போர்டுல குத்தியிருக்கு, வந்து பாரு” என்பார் பழைய பூட்ஸ்.

ஈரச் சாக்ஸுக்கு வேறு கதை. அவர் குடியிருப்பது ஒரு மீன் வறுவல் கடைக்கு மேல் மாடியில். கடை முகப்பில் மரத்தால் செய்த பெரிய மீன் தொங்கிக்கொண்டிருந்ததாம். “ஒரு முட்டாப்பய பஸ்ஸை ஒடிச்சுத் திருப்பி அதோட வாலை இடிச்சுத் தள்ளிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல. அவனுக்கு லைசென்ஸ் குடுத்தவன் குருடனாத்தான் இருக்கணும்!” மாதம் ஒருமுறையாவது இந்தக் கதை வரும். வரும்போதெல்லாம் நான் டீ போட எழுந்து போய்விடுவேன்.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஈரச் சாக்ஸ் வரவில்லை. பதினோரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. “எவளையோ புடிச்சுட்டான்” என்று சிரித்தோம். புதன்கிழமையும் சிரித்தோம். வியாழக்கிழமை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. தனிக்கட்டை, எண்பதை நெருங்குகிற ஆள், ஏறி இறங்க இருபத்திரண்டு படி. மேவிஸ் போலீஸுக்குப் போன் செய்தார்.

“பேரு என்னம்மா?”

“ஈரச் சாக்ஸ்.”

“ஊர்?”

“தெரியாது. கடலோரம்.”

போலீஸ்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை போலிருக்கிறது. “சிரிச்சு முடிங்க கண்ணு, நான் லைன்லயே இருக்கேன்” என்றாராம் மேவிஸ். முழுப்பெயரோ முகவரியோ இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். எங்களுக்கு அந்த ஆள் எந்தப் போர்மேனை எந்த வருடம் திட்டினார், பீருக்கு எந்த வறுவல் தொட்டுக்கொள்வார் என்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். பெயர் மட்டும் தெரியவில்லை. இதைவிட வெட்கக்கேடு உண்டா?

அன்றைக்கு ஐந்து மணிக்கு மேவிஸ் எழுதியது: “இன்னிக்கு ஊத்தப்போறதில்ல. அவன் சொன்னதுல அவங்கவங்களுக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் எழுதுங்க. பொய்யைத் தள்ளிட்டு எழுதுங்க.” சுவர்க் காகிதச் சுருள் ஒன்றைத் தரையில் விரித்து, அதன் பின்பக்கத்தில் அவர் வரைய ஆரம்பித்தார். கக்கூஸ் ஜன்னலில் எக்கிப் பார்த்தால் கலங்கரை விளக்கம் தெரியும் என்றார் ரிவெட். சர்ச் மணி நாலு நிமிடம் தாமதமாக அடிக்கிறது என்று ஈரச் சாக்ஸ் பாதிரியோடு சண்டை போட்டதைப் பழைய பூட்ஸ் எழுதினார். இரண்டு மணி நேரத்தில் ஒரு தெருமுனை கிடைத்துவிட்டது, ஆனால் அது எந்த ஊர்த் தெருமுனை என்பதுதான் தெரியவில்லை. அந்தக் கடற்கரையில் அப்படிப்பட்ட ஊர் அரை டஜன் இருக்கிறது.

“மிளகாய்” என்று எழுதினார் மேவிஸ். “நீ பஸ் ஓட்டினவன். அந்த மீன் போர்டை இடிச்சது எங்கேன்னு டிரைவருங்க பேசிக்கிட்டிருப்பாங்களே, காதுல விழலையா?”

நான் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஏதாவது மீனாக இருக்கும் என்று பதினோரு வருடமாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிடம் என்னை எனக்கே பிடிக்கவில்லை. கடைசியில் எழுதினேன்: “இடிச்சது நான்தான்.”

எல்லாரும் ஒரே நேரத்தில் கொட்டித் தீர்த்தார்கள்.

“பதக்கத்தைக் கழட்டுடா!”

“பதினோரு வருஷமா என்னமா பீத்திக்கிட்டான்யா!”

“திட்டறதை அப்புறம் வெச்சுக்கலாம்” என்று மேவிஸ் குறுக்கே புகுந்தார். “எந்த ஊரு, எந்தத் தெரு?”

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, முதியோர் இலவசப் பாஸ் செல்லுபடியாகும் முதல் பஸ்ஸில், நானும் மேவிஸும் சவுத் ஷீல்ட்ஸுக்குக் கிளம்பினோம். அவரை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். என் தோளுக்குக்கூட வரமாட்டார். உதட்டுச் சாயம் பூசியிருந்தார். மழை ஊற்றியது. கடை முகப்பில் வாலில்லாத மீன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் தலையைத் தூக்கவில்லை.

கடை திறக்கக் காத்திருந்து கேட்டோம். “மாடியில இருக்கற நார்மனா?” என்றார் கடைக்காரர். “படியில விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு கிடந்தாரு. தட்டுற சத்தம் கேட்டு நான்தான் ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணேன்.” ஈரச் சாக்ஸின் பெயர் நார்மன் என்பது எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியைத் தேடி, வார்டைத் தேடி, நாங்கள் போய்ச் சேரும்போது பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கால் மணிதான் பாக்கி. நர்ஸ் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்ததாம். ஆனால் அவர் யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார், இப்படியே போனால் தாங்காது என்றார். “யாருமே வரல. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

“அவன் குடிக்கிற பப்பு என்னுது” என்றார் மேவிஸ், கொஞ்சமும் தயங்காமல்.

கட்டிலில் இருந்த உருவம் சின்னது. நான் பெரிய ஆளாக நினைத்து வைத்திருந்தேன். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. பக்கத்தில் சூப் ஆறி ஏடு கட்டியிருந்தது. மேவிஸ் குனிந்தார்.

“ஈரச் சாக்ஸ். நான் முதலாளியம்மா.”

அசைவில்லை.

“ரிவெட் அழுதுட்டான். இல்லேன்னு சொல்லுவான், நம்பாத.”

அதற்கும் அசைவில்லை. போய்விடலாம் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். மேவிஸ் என்னைப் பார்க்கவே இல்லை.

“சரி, சொல்லிடறேன். உன் மீனோட வாலை இடிச்ச முட்டாப்பய சிக்கிட்டான். கையோட புடிச்சுக் கொண்டாந்திருக்கேன். திரும்பினா பாக்கலாம்.”

முதலில் கழுத்து அசைந்தது. பிறகு தோள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க, மனிதர் அரைவாசி திரும்பிவிட்டார். சவரம் செய்யாத முகம். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மிளகாயா நீ?”

“ஆமா.”

“பதக்கம் குடுத்தவனும் குருடன்தான்” என்றார். குரல் சில நாளாகப் பயன்படுத்தாத குரல். கண்ணோரம் நனைந்திருந்தது, அவருக்கும் எனக்கும்.

மணி அடித்தது. மற்ற கட்டில்களின் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். “நேரமாச்சும்மா, நாளைக்கு வாங்க” என்றபடி நர்ஸ் வந்தார்.

மேவிஸ் மழைக்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை நாற்காலி முதுகில் போட்டார். பிறகு அந்த நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூப்புக் கிண்ணத்தை நர்ஸிடம் நீட்டினார், சுடவைத்துக் கொண்டுவரச் சொல்லி.