கூட்ஸ் வண்டியில் ஆள் ஏற்றிய குற்றம்

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கர்நாடகத்தில், கொள்ளேகால் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டப் போனோம். போனது சித்தப்பாவின் குட்டியானையில். அது சரக்கு வண்டி.

2. விருந்து முடிந்தபோது, வண்டி ஓட்டத் தெரிந்த ஆண்கள் எல்லோரும் குடித்திருந்தார்கள்.

3. குடிக்காதவர்களில் ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தது நான் ஒருத்திதான். நான் ஓட்டினேன்.

4. எல்லைக்குச் சற்று முன்னால் கர்நாடகப் போலீஸ் நிறுத்தியது. பின்னால் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அபராதம் போட்டார்கள். அங்கேயே கட்டினேன்.

5. சில மாதம் கழித்து ஓசூரில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் சோதனை ஓட்டப் பிரிவில் எனக்கு வேலை உறுதியானது. செல்லத்தக்க உரிமம் இருந்தால்தான் அந்த வேலை.

6. சேர வேண்டிய தேதிக்கு முன்பாக, தர்மபுரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. கர்நாடகத்தில் பதிவான குற்றத்துக்காக உங்கள் உரிமத்தை ஏன் தற்காலிகமாக நிறுத்தி வைக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

நான் படித்தது ஆட்டோமொபைல் இன்ஜினியரிங். தர்மபுரி பைபாஸில் ஒரு லாரி சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்தேன். வண்டியைக் கொண்டுவருபவர்கள் என்னைப் பார்த்ததும், "மெக்கானிக் யாராச்சும் இருக்காங்களா மேடம்?" என்று கேட்பார்கள். பழுது பார்த்த லாரியை ரோட்டில் ஓட்டிப் பார்த்து ஒப்படைப்பது என் வேலை என்று சொன்னால் சிரிப்பார்கள். பிறகு நான் ஏறி உட்காரும்போது சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது அந்தக் கால் மணி நேரம்தான். ஓசூர் வேலை முழுக்க முழுக்க அதுவாக இருந்தது. புதிய வண்டியைத் தடத்தில் ஓட்டி, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தேர்வில் என்னை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த ஓட்டுநர், இறங்கும்போது, "வளைவுல டயரு எங்க வூட்டுக்காரம்மா மாதிரி கத்தாம ஓட்டறீங்க" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் ஏரியூர் பக்கம். எங்கள் முன்னோர்கள் கர்நாடகத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் பெரியவர்கள் பேசுவது தமிழில், சண்டை போடுவது கன்னடத்தில். குலதெய்வம் மட்டும் எங்களோடு வரவில்லை, அங்கேயே இருந்துவிட்டது. அந்தக் கிராமத்துக்குப் பஸ் கிடையாது. அதனால் எப்போதும் லோடு வண்டிதான். கெடா, விறகு, குண்டான், அரிசி மூட்டை, இவற்றுக்கு நடுவில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் விரித்துச் சொந்தக்காரர்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் எங்கள் பக்கம் அப்படித்தான் போவோம். அது குற்றம் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். தார்ப்பாயில் உட்காரும்போது அந்த நினைப்பு வந்ததில்லை.

அன்றைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனது சித்தப்பா. போகும்போது யாரும் நிறுத்தவில்லை.

சாயங்காலம் ஆனது. வழியில் காட்டுச் சாலை. இருட்டினால் வனத்துறையினர் கேட்டை மூடிவிடுவார்கள். மறுநாள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். சித்தப்பா வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு, நிற்பது போலக் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா உட்கார்ந்த இடத்தில் தூங்கியிருந்தார்.

"சாவி குடுங்க சித்தப்பா. நான் ஓட்டறேன்."

"இது ஸ்கூட்டி இல்ல பாப்பா."

"லாரி ஓட்டறேனுங்க நான்."

"அது லாரி. இது என்ற வண்டி. இதுக்கு என்னைத்தான் தெரியும்."

சித்தி வந்து அவர் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்தார். "அவ ஓட்டுனா கொழம்பாச்சும் சிந்தாம வூடு போய்ச் சேரும்" என்று சொல்லி என் கையில் கொடுத்தார். பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். சித்தப்பாவை நாலு பேர் தூக்கிப் பின்னால் படுக்க வைத்தார்கள்.

காடு தாண்டி, பொழுது சாயும் நேரத்தில், தடுப்பு வைத்திருந்த இடத்துக்கு வந்தோம். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு என் சன்னலுக்கு வந்தார். "ஏனம்மா, கூட்ஸ் காடியல்லி இஷ்டு ஜனனா?" இத்தனை பேரா என்று கேட்டார். எல்லோரையும் இறக்கி எண்ணினார். பதினேழு பேர். சித்தப்பா மட்டும் இறங்கவில்லை. கெடாத்தலை இருந்த குண்டானில் தலை வைத்துப் படுத்திருந்தார்.

"இவரு யாரு?"

"நம் யஜமானரு" என்றார் சித்தி. வீட்டுக்காரர் என்று அர்த்தம்.

"குடிதித்தாரா?"

"குடிக்காம இப்படிப் படுப்பாருங்களா?" என்று சித்தி தமிழில் சொன்னார். அது சப்-இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது.

என்னை ஊதச் சொன்னார். கருவி பூஜ்யம் காட்டியது. "நீ குடிக்கல்ல. ஒள்ளேது. நல்லது. ஆனா கேஸ் கேஸ்தானே" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். குரலில் கடுமை இல்லை. கையில் இருந்த மெஷினில் வண்டி எண்ணை ஒரு கட்டத்திலும், என் உரிம எண்ணை இன்னொரு கட்டத்திலும் தட்டினார். என் போனிலிருந்து பணம் கட்டினேன். ரசீது வந்தது. ஆட்களை இறக்கிவிட்டுத்தான் வண்டி போக வேண்டும் என்றார். குண்டான்கள் வண்டியில் வந்தன, சித்தப்பா என் பக்கத்து சீட்டில் வந்தார், மற்ற எல்லோரும் எல்லை வரை நடந்தார்கள். தாண்டியதும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் வந்தால் மேட்டூர் பஸ் கிடைக்கும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சித்தப்பா தெளிந்திருந்தார். "ஃபைன் கட்டியாச்சில்ல, முடிஞ்சிது. கர்நாடகாக்காரன் கேசு கர்நாடகாவோட. நாம என்ன அங்க பொண்ணு குடுக்கவா போறோம்?" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எல்லை தாண்டினால் சாராயத்தின் விலை மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது. வழக்கு மட்டும் எப்படித் தொடர்ந்து வரும்?

வரும். பணம் கட்டியது அங்கே நடந்த வழக்குக்கு. அது அங்கேயே முடிந்துவிட்டது. உரிமம் வேறு. அதைக் கொடுத்த அலுவலகத்துக்குத்தான் அதன்மேல் அதிகாரம். சில குற்றங்கள் எந்த மாநிலத்தில் பதிவானாலும், அங்குள்ள போலீஸ் அந்த அலுவலகத்துக்குப் பரிந்துரை அனுப்பலாம். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, போன் பேசிக்கொண்டு ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது. குடித்தவர் ஓட்டுவதும், அவர் ஓட்டாமல் இருக்க நான் ஆள் ஏற்றி ஓட்டியதும் அந்தப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகள். பரிந்துரை வந்ததும் இங்கே விளக்கம் கேட்பார்கள். விளக்கம் ஒத்துவரவில்லை என்றால் மூன்று மாதம் நிறுத்தி வைப்பார்கள். அந்த மூன்று மாதம் இந்தியாவில் எங்கேயும் ஓட்ட முடியாது. பிறகு உரிமம் திரும்பி வரும். நிறுத்தி வைத்த பதிவு அழியாது.

வண்டியின் மேல் ஒன்றும் இல்லை. அபராதம் கட்டியாகிவிட்டதால் அது சுத்தம். தேடிப் பார்த்தேன், சித்தப்பாவின் உரிமத்தின் மேலும் ஒன்றும் இல்லை.

நோட்டீஸுக்கு என்ன பதில் எழுதுவது என்று எங்கள் வீட்டில் கூடிப் பேசினார்கள். சித்தியும் வந்திருந்தார். அம்மா முடிவோடு உட்கார்ந்திருந்தார்.

"ஒடம்பு சரியில்ல, அவசரம், ஆஸ்பத்திரிக்கிப் போனோம்னு எழுதிரு."

"யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"

"எனக்குன்னு எழுதிக்க கண்ணு" என்றார் சித்தி. "நெஞ்சு வலின்னு எழுது. பென்னாகரத்துல நம்ம டாக்டரு சர்டிபிகேட் குடுப்பாரு. வருசத்துக்கு ஒருக்கா எனக்கு நெஜமாவே வலிக்கும்."

"நெஞ்சு வலிக்காரங்க கூட பதினாறு பேரு எதுக்குன்னு கேட்பாங்க சித்தி."

"தொணைக்கி."

அம்மா சிரிக்கவில்லை. "என்ன வேணா எழுது. சித்தப்பன் குடிச்சிருந்தான்னு மட்டும் எழுதாத. கவுருமெண்ட்டு காயிதத்துல ஏறிட்டா அது போவாது. அவனுக்கும் கட்டிக் குடுக்கற வயசுல ஒரு புள்ள இருக்குது."

காயிதத்தில் ஏறியது போகாது என்பது என் விஷயத்தில் மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. "ஒனக்கென்ன, மூணு மாசந்தான. மூணு மாசம் ஓட்டாட்டி வண்டி மறந்தா போயிரும்?" என்றார் அம்மா. ஓசூர் வேலை போய்விடும் என்றேன். "வேற வேல பாரு. பொம்பளப்புள்ள டெஸ்ட் ஓட்டித்தான் கம்பெனி வண்டி விக்கோணுமா?"

உண்மை என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். நான் ஊதிய கருவி காட்டிய பூஜ்யம் ரசீதிலேயே இருந்தது. குடித்தவர் ஓட்டாமல் தடுக்கவே நான் ஓட்டினேன் என்று எழுதினேன். முதுகுக்குப் பின்னால் செய்ய மனமில்லாமல், கொடுப்பதற்கு முன் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க குடிச்சிருந்ததால நான் ஓட்டுனேன்னு எழுதியிருக்கேன் சித்தப்பா."

அவர் டயரின் மேல் ஒரு வாளித் தண்ணீரை முழுதாக ஊற்றினார். "எழுது. படிச்சவ நீ. ஒங்க சித்தப்பன் குடிகாரன்னு தாசில்தாருக்கு எழுது, கலெக்டருக்கு எழுது."

"ஆர்.டி.ஓ.வுக்கு மட்டுந்தாங்க சித்தப்பா."

"என்ற வண்டியில ஏறி ஒக்காந்துக்கிட்டு, என்னையே." அடுத்த டயருக்குப் போனார். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை.

விசாரணைக்குத் தர்மபுரி போனேன். அலுவலர் நான் எழுதியதை முழுதாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க குடிக்கல, குடிச்சவர ஓட்ட விடல. அது நல்ல காரியங்க. ஆனா பின்னாடி ஆள் ஏத்தாம ஓட்டியிருக்கலாமே? பொம்பளைங்க புள்ளைங்கள பஸ்ஸுல அனுப்பியிருக்கலாம்ல?"

"அங்க பஸ் இல்லீங்க சார்."

"பஸ் இல்லாத ஊருக்கு எப்படிங்க போனீங்க?"

"இதே வண்டியிலதாங்க."

அவர் பேனாவை மூடினார். "அப்பப் போறப்பவே தப்பு ஆயிருச்சு. வர்றப்ப நீங்க மாட்டிக்கிட்டீங்க."

போகும்போது ஓட்டியது நான் இல்லை என்று சொன்னேன். "அத அங்க யாரும் புடிக்கலியேம்மா. எனக்கு வந்த பேப்பர்ல ஓட்டுனது நீங்கதான். குடிச்சவர் ஓட்டக் கூடாதுங்கறது ஒரு காரணம். பதினேழு பேர ஏத்தறதுக்கு அது காரணம் ஆவாது." அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கோபப்பட அவர் எனக்கு இடம் கொடுக்கவில்லை. வெளியே வந்தபோது வாசலில், எல்.எல்.ஆர் எடுக்க வந்த பெண்கள் புகைப்படத்துக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மாதம் நிறுத்தி வைத்து ஆணை வந்தது. என் விளக்கம் பரிசீலிக்கப்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. சித்தப்பாவைப் பற்றி நான் எழுதியது அதில் இல்லை. எழுதியதால் ஆன பலன், சித்தப்பா வீட்டில் என்னோடு பேச்சு நின்றதுதான். அவர் மகளை அரூர்ப் பக்கத்திலிருந்து கேட்டு வந்தவர்கள் பிறகு வரவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, ஜாதகம் பொருந்தவில்லை என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் சித்தி அம்மாவிடம், "ஒம் பொண்ணு எழுதுன எழுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். நெஞ்சு வலி தருகிறேன் என்று முன்வந்தவர் அவர்தான்.

ஓசூரிலிருந்து மனிதவள அலுவலகத்துப் பெண் போன் செய்தார். நான்தான் முதலில் மின்னஞ்சல் எழுதியிருந்தேன். சரிபார்ப்பில் எப்படியும் தெரிந்துவிடும்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இன்சூரன்ஸ்காரங்க ஒத்துக்க மாட்டாங்க. சஸ்பென்ஷன் முடிஞ்சதும் மறுபடி அப்ளை பண்ணுங்க. ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கும், லைசென்ஸ் எப்பவாவது சஸ்பெண்ட் ஆயிருக்கான்னு. அதுல ஆமான்னு போட்டு, காரணம் எழுதிருங்க."

"எவ்வளவு எழுதலாங்க?"

"ஒரு வரிதாங்க எடம் இருக்கும்."

இப்போது நிலைமை இது. ஓசூரில் அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். ஓசூரை நம்பி நான் விட்டுவிட்ட சர்வீஸ் சென்டரில் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் லாரி ஓட்டிப் பார்க்கும் வேலை என்னிடம் இல்லை, வரவேற்பு மேசைதான். என் உரிமம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இருக்கிறது. ஏரியூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். இந்த வருடமும் குலதெய்வத்துக்குக் கெடா நேர்ந்துவிட்டிருக்கிறார்கள். சித்தப்பாவின் வண்டியில்தான் எல்லோரும் போகிறார்கள். என்னைக் கூப்பிடவில்லை.