மலையைச் சுற்றி வரச் சொன்னவர்

நெற்றி நிறைய விபூதியும் கஞ்சி போட்ட கழுத்துப்பட்டையுமாக வரும் அந்த மாவட்ட நீதிபதிக்கு விவாகரத்து என்றாலே பிடிக்காது. யார் கேட்டு வந்தாலும், "ரெண்டு பேரும் சேர்ந்து மலையைச் சுத்திட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று வாய்தா போடுவார். ஹைகோர்ட் நீதிபதி பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கறுப்புக் கோட்டுப் போட்டு ஓராண்டு ஆகியிருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பெண் ஒருத்திக்காக எழுந்து, "அவன் அடிச்சே கொன்னுடுவான் ஐயா, சேர்த்து அனுப்பாதீங்க" என்றேன்.

"நீ சின்னப் பொண்ணும்மா. குடும்பம்னா உனக்கு இன்னா தெரியும்? உக்காரு."

நீதிபதி சொன்னபடி இருவரும் மலை சுற்றப் போன பௌர்ணமியன்று, அடி அண்ணாமலை தாண்டியதும், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, அவள் கணவன் கருங்கல்லால் அவள் தாடையை உடைத்தான். பல்லும் ரத்தமுமாக விழுந்தவளின் கையை மிதித்து முறித்தான்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "அன்னிக்கு இன்னாம்மா சொன்ன? மறுபடி சொல்லு."

சொன்னேன். அதை அப்படியே தீர்ப்பில் எழுதச் சொல்லி, "கேளாமல் அனுப்பியது என் தவறு" என்றும் சேர்த்து, விவாகரத்து கொடுத்தார்.

கோர்ட் அலுவலர் சிரஸ்தார் குனிந்து, "ஐயா, உங்க பேரு மெட்ராஸ்ல இருக்குது. இந்த வரி வேணாங்க" என்றார்.

"எழுதுய்யா."

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கம்பி கட்டிய தாடையை அசைக்காமல், "அப்பவே எழுதியிருந்தா இன்னாவாம் அவருக்கு?" என்றாள்.

அவர் ஹைகோர்ட்டுக்குப் போகவில்லை. வக்கீல்கள் அவரைப் புகழ்ந்தால் அவள் தாடையையும், திட்டினால் அந்த வரியையும் சொல்லி, இன்றுவரை நான் எழுந்து மறுத்துப் பேசிவிடுகிறேன்.