ஞானத்தாய்க்குப் பரீட்சை

சக்குபள்ளத்துக்கு மேலே, ஏலத்தோட்டத்துக்கு நடுவே தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு இருதயம்மாள் முப்பது வருஷமாகத் தவறாமல் வந்தாள். ஆனால் பிரசங்கம் முடிகிற நேரம் பார்த்துத்தான் வருவாள்.

ஐம்பத்தேழு வயது. எஸ்டேட்டில் ஏலக்காய் பறிக்கிற வேலை. கணவன் இறந்த பிறகு அவனுடைய முழுக்கைச் சட்டைகளைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு மலையேறுவாள். ஊரில் ஏழு பிள்ளைகளை ஞானஸ்நானத்தில் தூக்கி நின்ற ஞானத்தாய் அவள். பக்தியைப் பார்த்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை. தூக்கிய பிள்ளையை அவள் கைவிட மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தை விட்டுக் கம்பத்துப் பேக்கரிக்கு ஓடிப்போன ஒருவனை, காதைப் பிடித்தபடி பஸ்ஸில் கூட்டிவந்தவள் அவள்.

போன வருஷம் ஜோமி அச்சன் புதிதாகப் பங்குச் சாமியாராக வந்தார். வந்த மூன்றாம் வாரமே, ஐந்து வயது முதல் தொண்ணூற்றைந்து வயது வரை எல்லோரும் பூசைக்குப் பிறகு வேதபாடம் படிக்க வேண்டும் என்று அறிவித்தார். தொண்ணூற்றாறு வயதில் ஊரில் யாராவது உண்டா என்று அன்று பலரும் விசாரித்தார்கள்.

பெரியவர்கள் வகுப்பு இன்னாசிராஜுக்குப் போனது. எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வேதம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. சத்தம் உண்டு, அது போதுமென்று அச்சன் நினைத்திருக்கலாம். பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தினார். குழந்தைகளின் பெஞ்சில் நாங்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தோம்.

ஞானஸ்நானம், கல்யாணம், குருப்பட்டம் எல்லாம் சேர்த்து அருட்சாதனங்கள் ஏழு என்று அவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்த அன்று இருதயம்மாள் எழுந்தாள்.

"சூப்பர்வைசரண்ணே, கல்யாணம் பண்ணுனவுகளுக்குக் குருப்பட்டம் இல்ல. குருவுக்குக் கல்யாணம் இல்ல. அப்போ ஏழையும் வாங்குறது யாரு?"

இன்னாசிராஜ் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு வெளியே போய் அச்சனிடம் கேட்டுவிட்டு வந்தார்.

"பொண்டாட்டி செத்தப்புறம் ஒருத்தன் சாமியாராப் போனா ஏழும் உண்டாம்."

"அப்போ பொம்பளைக்கு எப்படிப் பார்த்தாலும் ஆறுதான்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் அவர் விசில் ஊத வேண்டியதாயிற்று.

இப்படியே பொழுது போயிருக்கும். ஆனால் அச்சன் ஒரு சட்டம் போட்டார்: வேதபாடப் பரீட்சையில் தேறாதவர்கள் இனி ஞானப் பெற்றோர் ஆக முடியாது. இருதயம்மாளின் தங்கை செபமாலையம்மாளுக்கு அப்போதுதான் பேத்தி பிறந்திருந்தது. குழந்தையைத் தூக்குவது இருதயம்மாள்தான் என்று வயிற்றில் இருக்கும்போதே முடிவாகியிருந்தது.

பரீட்சையன்று நல்ல மழை. சொல்லிக்கொடுத்தவர்களும் எழுத வேண்டும் என்று அச்சன் சொல்லிவிட்டதால், இன்னாசிராஜ் இருதயம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வைக்கு நின்றவள் பின்சி. இருதயம்மாளின் மகள், குழந்தைகளுக்கு வேதபாடம் சொல்லித் தருகிறவள்.

இருதயம்மாள் பத்துக் கட்டளைகளையும் பேனாவால் கையில் எழுதி, சட்டைக் கையை இறக்கிவிட்டு வந்திருந்தாள். மழையில் பாதி கரைந்துபோயிருந்தது. மிச்சத்தை அவள் பார்த்து எழுதும்போது பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"இருதயம், கையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு."

"நீங்கதானண்ணே சொல்லிக் குடுத்தீக."

"பொஸ்தகத்தைப் பார்த்துல்ல சொன்னேன்."

பின்சி வந்து நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"அம்மா, சட்டைக் கையை மடக்குங்க."

இருதயம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு மடக்கினாள். அச்சனும் வந்து அந்தக் கையை வாசித்தார்.

"களவு செய்யக்கூடாதுன்னு எழுதியிருக்கு," என்றார்.

"அதை எழுதத்தான் சாமி களவு பண்ணுனேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "ஏழு பிள்ளையத் தூக்கியிருக்கேன் சாமி. ஒருத்தியோட ஆத்தா தேனி ஆஸ்பத்திரியில நாலு மாசம் கெடந்தப்போ அந்தப் பிள்ளை எங்கிட்டதான் தூங்குச்சு. அதெல்லாம் இந்தத் தாள்ல கேக்கலையே."

அச்சன் அவள் தாளைக் கையில் எடுத்தார். "நீங்க சொன்னது சரி," என்றார். "காப்பி அடிச்சதும் சரியா?"

"இல்ல."

"அப்ப நீங்களும், எட்டிப் பார்த்த சூப்பர்வைசரும் ரெண்டு பேரும் தோல்வி. வேணும்னா இன்னும் ரெண்டு வாரத்தில வாயால சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அம்மாவும் மகளும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை. நாலாம் நாள் இருதயம்மாள் குழம்பைக் கிண்டியபடியே சொன்னாள்: "பிடிச்சுக் குடுத்தவதானே, நீயே சொல்லிக் குடு."

பின்சி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். அதை இருதயம்மாள் மறுநாள் காய் பறித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள். தப்பாகச் சொன்னால் பக்கத்து வரிசைப் பெண்கள் திருத்தினார்கள். அவர்களில் இரண்டு பேர் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள். அவர்களுக்குத்தான் முதலில் மனப்பாடமானது.

ரெண்டு வாரம் முடிந்ததும் அச்சன் தோட்டத்துக்கே வந்துவிட்டார். ஒரு கல்லில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் கையை நிறுத்தாமல் பதில் சொன்னாள். கட்டளைகளில் ஒன்பது வந்தது. பத்தாவது வரவில்லை.

"அது பக்கத்து வீட்டுக்காரன் பொருளுக்கு ஆசைப்படக்கூடாதுங்கிறதுதானே," என்றாள் கடைசியில். "எங்க லயத்துல வரிசையா எல்லாம் ஒத்தை ரூம் வீடு, பக்கத்து வீட்டுல ஆசைப்பட என்ன இருக்கு சாமி? அதான் மறந்து மறந்து போகுது."

அச்சன் வாய்விட்டுச் சிரித்தார். தேறிவிட்டாள் என்று அங்கேயே சொல்லிவிட்டார். இன்னாசிராஜ் மறுபரீட்சைக்கு வரவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினார். விசிலை மட்டும் வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

ஞானஸ்நானத்தன்று குழந்தை இருதயம்மாளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கத் துணை நிற்பீர்களா என்று அச்சன் தமது மலையாளத் தமிழில் கேட்டார். இதே கேள்விக்கு இதுவரை அவள் எல்லோரும் சொல்வதைக் கேட்டு, கூடவே வாயை அசைத்துவந்தவள்தான்.

"இன்னொரு தடவை மெதுவாக் கேளுங்க சாமி," என்றாள்.

அச்சன் ஒவ்வொரு சொல்லாக மறுபடியும் கேட்டார். அவள் முழுவதும் கேட்டு முடித்தாள்; குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு "நிப்பேன்" என்று அவள் சொன்ன சத்தத்தில் குழந்தை விழித்து, கோயில் அதிர அழ ஆரம்பித்தது.