மண்ணூர்பேட்டை மாப்பிள்ளையின் முன்பற்கள்

பல் கட்டும் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம்: வாய் திறந்திருக்கும்வரை வாடிக்கைக்காரர் நம்மைத் திட்ட முடியாது. மூடினதும் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு பிழைப்பைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். பூந்தமல்லி கடைத்தெருவில் என் கடை. ஒருநாள் மண்ணூர்பேட்டை முனுசாமி வந்து உட்கார்ந்தான். குத்துச்சண்டைக்காரன். பாரிவாக்கத்தில் பெண் நிச்சயமாகியிருந்தது. பெண்ணின் தகப்பனார் ஏகாம்பரம் ஒரே கண்டிசன் போட்டிருந்தார்: முகூர்த்தத்தன்று மாப்பிள்ளைக்கு ஒரு பல் குறைந்தாலும் பெண் கிடையாது. இந்தப் புண்ணியவானோ கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அம்பத்தூரில் ஒரு சண்டைக்கு ஒப்புக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கிவிட்டான். வாங்கின தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தால் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது. "சண்டையும் போடணும், பல்லும் நிக்கணும் அண்ணாத்தே. அந்தப் பொண்ணு இல்லாங்காட்டி நான் செத்தேன்" என்று கண் கலங்கினான். அத்தனை பெரிய உடம்பு அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேல்வரிசைப் பல்லில் மாட்டிக்கொள்ளும் வாய் ரப்பர் ஒன்று செய்து கொடுத்தேன். மலேயாச் சரக்கு, சூட்டில் இளகும், ஆறினால் இறுகும்.

சூடம்

மூன்றாம் நாள் முனுசாமியின் தாயார் கன்னியம்மாள் ஒரு பித்தளைத் தட்டோடு வந்தார். தட்டின் நடுவில் அப்பளம்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். அட கடவுளே, என் ரப்பர்! அதற்கு மஞ்சள் குங்குமம் இட்டு, பக்கத்திலேயே சூடம் ஏற்றி, அம்மனுக்குக் காட்டியிருக்கிறார்கள். என் இரண்டு நாள் வேலை தட்டோடு தட்டாகப் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டேன். அந்த அம்மாள் அசரவில்லை. "இன்னா நைனா கோச்சிக்கிற? சாமிக்குக் காட்டாத பொருள எம் புள்ள வாயில வெப்பானா? வேற ஒண்ணு செய், இந்தத் தபா தூர நின்னு காட்டறேன்."

மாமனார் பரீட்சை

இரண்டாவது ரப்பர் தயாரானபோது ஏகாம்பரமே கடைக்கு வந்தார். நம்பிக்கையில்லாத மனிதர். ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், நான் தடுப்பதற்குள் தன் வாயில் மாட்டிக்கொண்டு, குத்து என்று ஜாடை காட்டினார். பதினைந்து வருஷமாக எத்தனையோ பல் பிடுங்கியிருக்கிறேன், ஒருத்தரையும் அடித்ததில்லை. லேசாகத் தட்டினேன். தலையை ஆட்டி, இன்னும் பலமாக என்றார். மறுபடி தட்டினேன். முறைத்தார். எனக்கும் மானம் ரோஷம் உண்டல்லவா? மூன்றாவது குத்தில் ஸ்டூலோடு போய் மூலையில் விழுந்தார்.

பதறிப்போய்த் தூக்கிவிட்டேன். ரப்பரைத் துப்பிவிட்டு, பல்லை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பல்லு ஒண்ணுகூட ஆடலபா! தாடதான் கயண்டா மாதிரி கீது. பரவால்ல, தாடைக்கு நான் இன்னா கண்டிசனா போட்டேன்?"

ஒற்றைக் கை

அம்பத்தூரில் கொட்டகை நிறைய ஜனம். முதல் சுற்று முனுசாமியுடையது. இரண்டாவது சுற்றில் எதிராளி விட்ட குத்தில் ரப்பர் வாயிலிருந்து பறந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது. முனுசாமி என்ன செய்தான் தெரியுமா? இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மிச்சச் சண்டை முழுக்க வலது கை ஒன்றால்தான். கூட்டம் ஊளையிட்டது. எதிராளி வயிற்றிலும் விலாவிலும் மத்தளம் வாசித்தான். இவன் பொத்தின கையை எடுக்கவே இல்லை. நானும் ஏகாம்பரமும் நாலுகாலில் தவழ்ந்து பெஞ்சுக்கு அடியில் ரப்பரைத் தேடினோம். அது கிடைத்தபோது கடைசி மணி அடித்துவிட்டார்கள்.

தோற்றுப்போனான். ஒரு கண் மூடிக்கிடக்க, விலாவைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து ஆவென்று வாயைத் திறந்தான். "தோத்தா போவுது அண்ணாத்தே. எண்ணிப் பாரு, முப்பத்திரண்டும் கீதா?"

எண்ணினேன். இருந்தது. எனக்கே கண் நிறைந்துவிட்டது.

சீர் முறுக்கு

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வண்டி ஒன்று கடை வாசலில் நின்றது. முனுசாமி வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு இறங்கினான். பின்னாலேயே ஏகாம்பரம், முகம் வெளுத்துப்போய். விஷயம் இதுதான்: பெண் வீட்டிலிருந்து சீர் வரிசை போயிருக்கிறது. சண்டைதான் முடிந்ததே என்று மாப்பிள்ளை குஷியாக ஒரு கைமுறுக்கைக் கடித்திருக்கிறான். ஏகாம்பரத்தின் சம்சாரம் தன் கையால் சுற்றின முறுக்கு. படக்கென்று முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது.

"உங்க கண்டிசன் என்னாச்சு?" என்று கேட்காமலிருக்க நான் என்ன மகானா? கேட்டேன். மனிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பல்லுக்காரரே, முறுக்கு எங்களுது, மானமும் எங்களுது. காத்தால முகூர்த்தம் வரிக்கும் நிக்கிறா மாதிரி கட்டிவுட்ருங்க. தாலி ஏறுன அப்பால உழுந்தா அது எங்க ஊட்டுப் பல்லு, நாங்க பாத்துக்கறோம்."

கம்பியால் கட்டின பல் தாலி ஏறும்வரை நின்றது. ஆனால் எதிராளியின் குத்துக்கு ரப்பர் செய்யத் தெரிந்த எனக்கு, மாமியார் வீட்டு முறுக்குக்கு என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.